சென்னையில் ஆமைக்கு எதை நடலாம்: அருகம்புல்லா, செம்பருத்தியா, முருங்கையா?

வீட்டில் தரை ஆமை வைத்திருப்பவர்கள் எந்தச் செடியைப் பார்த்தாலும் கேட்பது, "இதைத் தின்னலாமா?" என்றுதான். அதற்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இருக்கிற கொஞ்ச இடத்தில் எதை நடுவது என்று முடிவெடுக்க அந்தப் பதில் போதாது. முருங்கைக்கீரையில் நஞ்சு கிடையாது; அதற்காகத் தினமும் அதையே போட்டால் புல் தின்னப் பிறந்த ஆமைக்கு ஒத்துக்கொள்ளாது. சப்பாத்திக்கள்ளி அருமையான தீனி. அதன் பொடிமுள்ளை எடுக்காமல் போட்டால் வாயெல்லாம் புண்ணாகும். அருகம்புல்லை யாரும் பெரிதாக மதிப்பதில்லை, ஆனால் வேலையில் முக்கால்வாசியை அதுதான் பார்க்கிறது. ஆகுமா ஆகாதா என்பதோடு, எவ்வளவு, வாரத்தில் எத்தனை நாள், நம் வீட்டு வெயிலுக்கு அது வருமா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதலில் எந்த ஆமை என்று தெளிவாக்கிக்கொள்வோம். நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2019இல் அது, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலுக்கும் போய்விட்டது. "பண்ணையில் பிறந்த குட்டி சார்" என்று விற்பவர் சொன்னாலும் அதில் மாற்றமில்லை. ஆப்பிரிக்காவின் சல்காட்டா, தென் அமெரிக்காவின் ரெட்ஃபுட் போன்ற வெளிநாட்டு இனங்களை வளர்க்கலாம். அவற்றையும் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். கண்ணாடித் தொட்டியில் பச்சைக் குட்டியாக விற்கும் சிவப்புக்காது ஆமை நீரில் வாழ்வது, அதன் சாப்பாட்டுக் கணக்கே வேறு. இங்கே பேசுவது பெரும்பாலும் சல்காட்டாவைப் பற்றி. ரெட்ஃபுட்டுக்கு மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறோம்.

எதை வைத்து ஒப்பிடுவது

சல்காட்டா சகாராவின் தெற்கு விளிம்பில் உள்ள வறண்ட புல்வெளிக்காரன். நார்ச்சத்து மிகுந்த, சத்துக் குறைந்த புல்லை நிறையத் தின்று, பின்குடலில் மெதுவாக நொதிக்க வைத்துச் செரிப்பதற்கென்றே அமைந்த உடம்பு. அதனால் முதலில் பார்க்க வேண்டியது நார். அடுத்தது சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸைவிட இரண்டு மடங்காவது இருக்கிறதா என்பது. ஓடு கெட்டியாக வளர அது வேண்டும். மூன்றாவது ஆக்சலேட். இது சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்துவிடும். நான்காவது புரதம்.

புரதத்தைப் பற்றி ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. ஓடு கூம்பு கூம்பாக எழும்புவதற்குப் புரதம் மிகுந்த கீரைதான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 2003இல் வெளியான சல்காட்டாக் குட்டிகள் பற்றிய ஆய்வில், சுற்றுப்புற ஈரப்பதம் குறைவாக இருப்பதே பெரிய காரணம் என்றும், புரதத்தின் பங்கு சிறிது என்றும் தெரிந்தது. சென்னைக் காற்று இந்த விஷயத்தில் நமக்குச் சாதகம். குட்டியை ஏசி அறையில் வைப்பவர்களுக்குத்தான் பாதகம். ஆனாலும் புரதம் மிகுந்த தீனி, அதோடு தண்ணீர்க் குறைவு, இரண்டும் சேர்ந்தால் யூரிக் அமிலம் தேங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மே மாத வெயிலில் இது நடப்பது எளிது. கட்டுப்பாடு வேண்டும், பயம் வேண்டாம்.

புல்: அருகு, கினியா, நேப்பியர்

சல்காட்டாவின் தட்டில் முக்கால் பங்குக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும். ரெட்ஃபுட் காட்டோரத்து ஆமை. அது புல்லைக் கொஞ்சம்தான் கடிக்கும். ஆகவே ரெட்ஃபுட் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுச் செம்பருத்திக்குப் போய்விடலாம்.

வெயில் விழும் இடமென்றால் அருகம்புல்லுக்கு நிகரில்லை. மென்மையான இலை, குட்டியாலும் கடிக்க முடியும், மேய்ந்த இடத்தில் மறுபடி துளிர்க்கும், உப்புக் கரிக்கும் போர்த்தண்ணீரையும் ஓரளவு தாங்கும். கடைசிக் காரணம் ஒன்றே பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் போதும். பிள்ளையார் கோயில் வாசலில் கட்டுக் கட்டாக விற்கிறார்களே, அதை வாங்கித் தீனியாகப் போடாதீர்கள்; எந்த ஓரத்தில் பிடுங்கியது, யார் மருந்தடித்தது என்று தெரியாது. ஆனால் அதே கட்டிலிருந்து கணுவோடு கூடிய கொடிகளைப் பொறுக்கி நாற்றாக நடலாம். 10 முதல் 15 செ.மீ. நீளத்தில் மூன்று கணு இருக்கும்படி நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி, 10 செ.மீ. இடைவெளியில் ஊன்றுங்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் மூடிவிடும். ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தால் வேரோடு வராமல் இலை மட்டும் அறுந்து வந்தால், ஆமையை இறக்கலாம் என்று பொருள். அதற்கு முன் இறக்கினால் ஒரே நாளில் புல்லையும் மண்ணையும் சேர்த்தே விழுங்கும். மண் குடலில் தேங்கினால் மலம் அடைத்துக்கொள்ளும்.

அருகின் பலவீனம் நிழல். நாளுக்கு ஆறு மணி நேர வெயில் இல்லாத இடத்தில் கொடி நீண்டு, இலை குறைந்து, ஓரிரு மாதத்தில் திட்டுத் திட்டாக மண் தெரியும். இரண்டு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே சிக்கிய பின்கட்டுகளில் இதுதான் நடக்கிறது. அங்கே கினியா புல்லைத்தான் நட வேண்டும். தென்னை நிழலிலும் வளரும் தீவனப்புல் இது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 3 ரகம் மாடு வளர்ப்பவர்களிடம் பரவலாக இருக்கிறது. காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் புறநகர்ப் பால் பண்ணைகளிலும் வேர்க்கட்டை கேட்டுப் பார்க்கலாம். அரை மீட்டர் இடைவெளி விட்டு நட்டு, முதல் 45 நாளுக்குத் தொடாமல் விடுங்கள். பிறகு முழங்கால் உயரத்திலேயே அறுத்துவிட வேண்டும், முற்றினால் தண்டு கட்டையாகிவிடும். இதில் ஆமையை நேரடியாக மேயவிட முடியாது; தூரை மிதித்தே அழித்துவிடும். அறுத்து, 15 செ.மீ.க்குக் குறைவான குட்டிக்கு ஒரு அங்குல நீளமாக நறுக்கிப் போட வேண்டும், பெரியதற்கு அப்படியே போடலாம்.

கோ 4, கோ 5 என்று கிடைக்கும் கம்பு நேப்பியரை, நிறைய விளைகிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பலர் நடுகிறார்கள். மாட்டுக்கு அது சரி. ஆமைக்கு மூன்று சிக்கல். இலை ஓரம் அரம்போல் சொரசொரப்பு, சுணையும் உண்டு. ஆக்சலேட் கூடுதல், அதுவும் அடிக்கடி அறுத்துத் துளிர்த்த இளந்தளிரில் இன்னும் கூடுதல். யூரியா போட்டு வளர்த்திருந்தால் நைட்ரேட்டும் சேரும். ஏற்கெனவே 20 கிலோவைத் தாண்டிவிட்ட சல்காட்டாவுக்கு மற்றப் புல் கட்டுப்படியாகவில்லை என்றால், புல்லில் மூன்றில் ஒரு பங்கு வரை இதைக் கலக்கலாம். புதிதாக நடுபவர்களுக்கு இது தேவையில்லை.

இளம் சோளப்பயிரைக் கொடுக்கவே கூடாது. அதில் சயனைடு உண்டாக்கும் சத்து இருக்கிறது, வாடிய பயிரில் இன்னும் மோசம். வைக்கோல் எளிதாகக் கிடைக்கும், ஆனால் சிலிக்கா மிகுதி, சுண்ணாம்பு குறைவு. படுக்கைக்குப் போடலாம், தீனிக்கு வேண்டாம்.

செம்பருத்தியும் மல்பெரியும்

புல்லுக்கு அடுத்த இடம் இலைத்தீனிக்கு. இந்த இரண்டில் எதை நடுவது என்பதை இடம்தான் தீர்மானிக்கிறது.

செம்பருத்தியின் இலை, மொட்டு, பூ எல்லாமே ஆகும். தினமும் ஒரு கைப்பிடி கொடுத்தாலும் கெடுதல் இல்லை. நோயில் படுத்து வாயைத் திறக்க மறுக்கும் ஆமைகூடச் சிவப்புப் பூவைக் காட்டினால் கழுத்தை நீட்டும். மருந்துத் துளியைப் பூவில் விட்டுக் கொடுப்பதும் நல்ல உத்தி. ஒற்றை அடுக்கு நாட்டுச் செம்பருத்தியை நடுங்கள். அடுக்குப் பூ ஒட்டுரகமும் நஞ்சில்லைதான், ஆனால் இலைக்காகக் கிள்ளிக் கிள்ளி எடுத்தால் அது சோர்ந்துபோகும், நாட்டு ரகம் தாங்கும். 14 அங்குலத் தொட்டியில் பால்கனியிலேயே வளரும். உள்ளங்கை அளவு ஆமைக்கு நான்கு செடி இருந்தால் மாற்றி மாற்றிப் பறிக்கலாம். ஒரு செடியில் மூன்றில் ஒரு பங்கு இலைக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது.

மல்பெரிக்கு, அதாவது முசுக்கொட்டைக்கு, நிலம் வேண்டும். 18 அங்குலப் பையில் ஒப்பேற்றலாம். ஆனால் தரையில் நட்ட ஒரு செடி கொடுக்கும் இலையைப் பையில் உள்ள மூன்று செடிகள் சேர்ந்தாலும் கொடுக்காது. பட்டுப்புழு வளர்ப்பவர்கள் நடும் வி1 ரகம் பெரிய இலை தரும். பென்சில் பருமன் குச்சி, மூன்று நான்கு மொட்டு, ஒரு சாண் நீளம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் ஊன்றினால் தண்ணீர் ஊற்றும் வேலைகூட மிச்சம். முதல் ஆறு மாதம் இலை பறிக்காமல் விட்டால், பிறகு முழங்கால் உயரத்துக்கு வெட்ட வெட்ட ஏழெட்டு வாரத்துக்கு ஒருமுறை தழைத்துக்கொண்டே இருக்கும். சுண்ணாம்பு நிறைய, புரதமும் நிறைய. ஆகவே சல்காட்டாவுக்கு ஒரு நாள் தீனியில் ஐந்தில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள். ரெட்ஃபுட்டுக்கு இன்னும் தாராளமாகவே கொடுக்கலாம், பழமும் சேர்த்து.

இரண்டையும் நடுவதாக இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாக அப்பும் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சிதான் மல்பெரியில் துக்ரா என்னும் நுனிச்சுருட்டலையும் உண்டாக்குகிறது. ஒன்றில் வந்தால் அடுத்த வாரம் மற்றொன்றில் இருக்கும், கூடவே எறும்பு வரிசையும். நுனியை நறுக்கி எரித்துவிட்டு, மீதியைத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். பூச்சி கூட்டத்துக்கு நடுவே அதைவிடப் பெரிதாக, மெழுகு முடியோடு ஒரு புழு விறுவிறுவென்று நகர்ந்தால் அதை நசுக்காதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் குஞ்சு. பார்க்க அதே போல் இருப்பதால் பாதிப்பேர் அதைத்தான் முதலில் கொல்கிறார்கள்.

கள்ளியில் ஒன்றே ஒன்று

மகாபலிபுரம் போகும் வழியெல்லாம் வேலியோரம் கிடக்கும் சப்பாத்திக்கள்ளி, வறண்ட நிலத்து ஆமைக்கு உணவும் தண்ணீரும் சேர்ந்த மாதிரி. புரதம் குறைவு, சுண்ணாம்பு மிகுதி, நார் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் அருகு காய்ந்துபோனபின் பச்சையாக நிற்பது இதுதான். பெரிய முள்ளைக் கத்தியால் சீவிவிடலாம். ஆபத்து அதன் அடியில் கொத்தாக இருக்கும் மயிர்போன்ற பொடிமுள்ளில் இருக்கிறது. இடுக்கியில் பிடித்து, கேஸ் அடுப்புத் தீயில் இருபுறமும் காட்டி, ஒவ்வொரு கண்ணிலும் பொசுங்கிய கறுப்புப் புள்ளி தெரியும்வரை வாட்ட வேண்டும். பிறகு கரட்டுத் துணியால் துடைத்து, விரல் அகலக் கீற்றுகளாக நறுக்குங்கள். ஒரு சாண் நீள ஆமைக்கு வாரம் இருமுறை, உங்கள் உள்ளங்கை அளவுத் துண்டு போதும். மிஞ்சினால் மலம் இளகும். பழம் ரெட்ஃபுட்டுக்கு, சல்காட்டாவுக்கு எப்போதாவது ஒன்று.

நட, ஒரு மடலை ஒடித்து நிழலில் ஒரு வாரம் காயவைத்து, வெட்டுவாய் தோல் கட்டியபின் மடலில் மூன்றில் ஒரு பங்கை மணற்பாங்கான கலவையில் புதையுங்கள். பத்து நாள் தண்ணீர் வேண்டாம். நவம்பர் மழையில் தொட்டி நின்ற இடத்திலேயே அழுகும். செங்கல் மேல் ஏற்றி வையுங்கள்.

கள்ளி என்று பெயர் வைத்திருக்கும் மற்றவை, சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி, இவற்றுக்கும் சப்பாத்திக்கும் உறவே இல்லை. ஒடித்தால் வெள்ளைப்பால் வடியும். அந்தப் பால் வாயையும் கண்ணையும் பொசுக்கும். பால் வந்தால் போடாதே என்பது நல்ல விதி, ஒரு விலக்கோடு: மல்பெரித் தளிரிலும் கொஞ்சம் பால் கசியும், அது பரவாயில்லை.

முருங்கை, அகத்தி, கீரைக்கட்டு

இங்கேதான் நம் ஊரில் அதிகம் தவறு நடக்கிறது. நமக்கு நல்லது என்றால் ஆமைக்கும் நல்லது என்ற எண்ணம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய உணவு அட்டவணைப்படி, 100 கிராம் முருங்கைக்கீரையில் சுண்ணாம்பு 440 மி.கி., பாஸ்பரஸ் 70. அகத்தியில் 1130க்கு 80. ஆமை வளர்ப்பவர் பார்த்ததும் மகிழ்ச்சியடைய வேண்டிய எண்கள்தான். அதே அட்டவணையில் புரதம் முறையே 6.7, 8.4 கிராம். பச்சை இலைக்கு இது மிக அதிகம். ஆகவே இரண்டையும் சுண்ணாம்புக் கூட்டாக நினைத்து, வாரம் இருமுறை ஒரு சிறிய இணுக்கைப் புல்லோடு கலந்து கொடுங்கள். முட்டையிடும் பெண்ணுக்கும் வளரும் குட்டிக்கும் இன்னும் ஒரு நாள் கூட்டலாம். முருங்கை மரம் வீட்டில் ஏற்கெனவே நின்றால் நல்லது. ஆமைக்காகவே புதிதாக நடத் தேவையில்லை. கம்பளிப்பூச்சித் தொல்லை வேறு.

பாலக்கில் சுண்ணாம்பு 73 மி.கி., ஆக்சாலிக் அமிலம் 658 மி.கி. என்கிறது அதே அட்டவணை. சுண்ணாம்பு கொடுப்பதற்குப் பதில் பறித்துக்கொண்டு போகும் கீரை. தண்டுக்கீரை, முளைக்கீரை, சிறுகீரை எல்லாம் ஒரே குடும்பம். சுண்ணாம்பு இருந்தாலும் ஆக்சலேட்டும் கூடவே இருக்கிறது. கொடிப்பசலை, பருப்புக்கீரையும் அப்படியே. எப்போதாவது ஒரு வாய் கடித்தால் ஒன்றும் ஆகாது. கீரைக்காரம்மாவிடம் தினமும் வாங்கும் கட்டையே தீனியாக்கினால் ஓராண்டில் ஓடு மெத்தென்று ஆகும். மணத்தக்காளி கத்தரி இனம், இலையும் பச்சைக்காயும் வேண்டாம். பிரண்டை நம் நாக்கையே அரிக்க வைக்கும், ஆமைக்கு எதற்கு? கற்பூரவள்ளியும் வேண்டாம். முள்ளங்கி இலை, காலிஃபிளவர் இலை மாதம் இரண்டு தடவை போனால் போகட்டும். சோறு, தோசை, ரொட்டி பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

எதைத் தின்றாலும் சுண்ணாம்புக்கு ஒரு மலிவான காப்பு உண்டு. காசிமேட்டிலோ பறவைத் தீனிக் கடையிலோ கிடைக்கும் கணவாய் ஓட்டை உப்புப் போகக் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, கூண்டில் போட்டு வையுங்கள். வேண்டியபோது தானே கடித்துக்கொள்ளும்.

பூக்களில் செம்பருத்தி போக, வீட்டில் மருந்தில்லாமல் வளர்ந்த ரோஜா இதழ், காகிதப்பூ, டேபிள் ரோஸ் ஆகியவை சரி. பூக்கடைப் பூ எதுவும் வேண்டாம். சாமிக்குச் சாத்திய மாலையைப் 'புனிதமானது' என்று ஆமைக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மாலையில் சம்பங்கிக்கும் ரோஜாவுக்கும் நடுவே அரளி கோத்திருக்கும்.

நடுவதற்கு முன் பிடுங்க வேண்டியவை

"கசந்தால் ஆமையே துப்பிவிடும்" என்று நம்பாதீர்கள். பெரிய காட்டில் தேர்ந்து தின்னும் ஆமை, பத்துக்குப் பத்தடி முற்றத்தில் வேறு வேலை இல்லாமல் எதையும் கடித்துப் பார்க்கும். சிவப்பும் மஞ்சளும் கண்ணில் பட்டால் நேராக அங்கே போகும். சென்னை வீடுகளில் ஆபத்தான பூக்கள் பலவும் அந்த நிறங்களில்தான் இருக்கின்றன.

இதயத்தைத் தாக்குபவை முதல் வரிசை: அரளி, மஞ்சள் அரளி, எருக்கு, ரணகள்ளி, மாடித் தோட்டங்களில் இப்போது எங்கும் காணப்படும் அடீனியம். இவற்றில் உதிர்ந்த காய்ந்த இலைகூட நஞ்சு இழக்காது. செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். அதன் கிழங்கும் விதையும் கொல்லும். நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய் மருந்து எடுக்கிறார்கள் என்பது பெருமைதான், அதே சத்துதான் ஆமைக்கு நஞ்சு. நந்தியாவட்டை, அலமண்டா, ஊமத்தை, குண்டுமணி, ஆமணக்கு, காட்டாமணக்கு, உன்னிச்செடி ஆகியவற்றுக்கும் இடமில்லை. ஏரிக்கரையெல்லாம் ஊதாப்பூ பூக்கும் நெய்வேலி காட்டாமணக்கைச் சர்க்கரைவள்ளி இலை என்று நினைத்துப் பறித்து வருபவர்கள் உண்டு. மாடு ஆட்டையே நரம்புத்தளர்ச்சியில் தள்ளும் செடி அது. சைகஸ் பனைபோல அழகாக நிற்கும், ஈரலைக் கெடுக்கும். சவுண்டல் தழை தீவனமாயிற்றே என்று வெட்டிப் போடுவதும் தவறு, அதில் மிமோசின் என்னும் நஞ்சு இருக்கிறது.

வரவேற்பறைச் செடிகளான மணி பிளாண்ட், டைஃபன்பாக்கியா, கலேடியம், குரோட்டன்ஸ் உயிரைப் பறிப்பது அரிது. ஆனால் முதல் மூன்றிலும் ஊசி ஊசியான ஆக்சலேட் படிகங்கள் நாக்கிலும் தொண்டையிலும் குத்தி, வாரக்கணக்கில் தின்னவிடாமல் செய்யும். சோற்றுக்கற்றாழையின் உள்சோறு சரி, தோலடியில் உள்ள மஞ்சள் பால் பேதியாக்கும். ஆமைக்கு எட்டாமல் வைத்தால் போதும்.

உங்கள் தோட்டத்தைச் சுத்தம் செய்தாலும் பக்கத்து வீட்டு அரளி மதிலுக்கு மேல் எட்டிப்பார்க்கும். அந்தப் பக்க மதிலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளித் தடுப்பு கட்டுவது, அண்டை வீட்டாரோடு வாதாடுவதைவிட எளிது. தடுப்பு மறைப்பாக இருக்க வேண்டும். கம்பிவலை வழியாக மறுபக்கம் தெரிந்தால் சல்காட்டா முட்டிக்கொண்டே நிற்கும்.

நர்சரிச் செடியும் மருந்தும்

பட்டியலில் உள்ள நல்ல செடியும் நர்சரியிலிருந்து வந்த அன்று நல்ல செடி அல்ல. தளதளவென்று இருப்பதற்காகப் பூச்சி உறிஞ்சாதபடி இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் மருந்து கொடுத்திருக்கக்கூடும். அது இலைக்குள் இருப்பது, கழுவினால் போகாது. வாங்கியதும் பழைய மண்ணை உதறி, வேரை அலசி, மருந்தில்லாத கலவையில் மாற்றி நடுங்கள். குறைந்தது மூன்று மாதம் விட்டு, இருந்த இலைகளையெல்லாம் கிள்ளி எறிந்து, புதிதாக வந்ததை மட்டும் கொடுங்கள். இன்னும் பாதுகாப்பான வழி, தெரிந்தவர் வீட்டுச் செம்பருத்தியில் குச்சி வாங்கி நடுவது. செலவும் இல்லை. பழைய மண்ணில் வெள்ளைப் பெர்லைட், நிறமுள்ள உர உருண்டைகள் இருந்தால் ஆமை அவற்றைப் பொறுக்கித் தின்னும். கலவையில் செம்மண், மண்புழு உரம், நன்கு மக்கிய சாணம் இவை போதும்.

மழைக்காலத்தில் கொசுவுக்கு மாநகராட்சிப் புகை அடிக்கும் நாட்களில், முன்பே அறுத்து வைத்த புல்லைக் கொடுங்கள். வெளியில் நிற்பதை மறுநாள் நன்றாக நனைத்துக் கழுவியபின் பறிக்கலாம். பூங்கா, சாலை நடுத்திட்டு, ரயில் பாதையோரப் புல் எக்காலத்திலும் வேண்டாம்.

உங்கள் இடத்துக்கு எது

பால்கனி மட்டும் இருக்கிறது என்றால்: நான்கு செம்பருத்தி, மூன்று சப்பாத்திக்கள்ளி, இரண்டுக்கு மூன்றடித் தட்டு இரண்டில் அருகு. தட்டை வாரம் ஒன்றாக மாற்றி மேயவிடுங்கள். 15 செ.மீ. ஆமை வரை இது தாங்கும். சல்காட்டா அந்த அளவோடு நிற்காது, 40 கிலோவைத் தாண்டும் இனம். பால்கனி மட்டுமே உள்ளவர்கள் ரெட்ஃபுட்டைப் பற்றி யோசிப்பது நல்லது.

மொட்டைமாடியில் செடியைவிடப் பாரம்தான் கேள்வி. அரையடி ஆழத்துக்கு நனைந்த மண் சதுர மீட்டருக்கு 250 கிலோ வரும். ஆட்கள் நடமாடும் மாடிக்கு வழக்கமாகக் கணக்கிடும் பாரம் 150 கிலோ அளவே. அருகம்புல்லுக்கு மூன்று அங்குலம் போதும்; தென்னைநார்க் கழிவைப் பாதி கலந்தால் இன்னும் குறையும். நார்க்கழிவு மேலே தெரியாதபடி ஒரு அங்குலம் செம்மண் போர்த்துங்கள், இல்லாவிட்டால் புல்லோடு அதுவும் வயிற்றுக்குள் போகும். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு இல்லாத தளத்தில் இதைத் தொடங்கவே வேண்டாம்.

தரை இருக்கிறவர்களுக்கு: வெயில் பக்கம் அருகை மூன்று பாத்தியாகப் பிரித்து ஒன்று மேய, இரண்டு துளிர்க்க, நிழல் பக்கம் கினியா, எட்டாத மூலையில் ஒரு மல்பெரி, வேலியாகச் செம்பருத்தி. பிப்ரவரியில் கினியா செழித்திருக்கும்போதே அறுத்து, நிழலில் இரண்டு மூன்று நாள் புரட்டிப் புரட்டிக் காயவைத்து, சாக்கில் காற்றோட்டமாக வையுங்கள். மே மாதத்துக்கு அது உதவும். அக்டோபருக்குமுன் மீதியைத் தீர்த்துவிட வேண்டும். மழை ஈரத்தில் பூஞ்சை பிடித்த உலர்புல்லை முகர்ந்தாலே புளித்த வாடை தெரியும், உரத்தில் போடுங்கள்.

தவறானதைத் தின்றுவிட்டால்

ஆமையின் உடம்பு மெதுவாக வேலை செய்வதால் அறிகுறியும் மெதுவாகவே வரும். இரண்டு நாள் கழித்துத்தான் எச்சில் ஒழுகுவது, வாயைத் திறந்து மூச்சுவிடுவது, கால் தளர்வது, பேதி தெரியலாம். தின்றதைப் பார்த்தீர்கள் என்றால் காத்திருக்காதீர்கள். வாயில் மிச்சம் இருந்தால் எடுத்துவிடுங்கள். மோர், விளக்கெண்ணெய், உப்புத்தண்ணீர் எதையும் புகட்ட வேண்டாம். மூச்சுக்குழலுக்குள் போனால் நிமோனியா வேறு சேரும். வாந்தி எடுக்கவைக்க முடியாது. செடியின் இலை, பூ, காய் எல்லாம் சேர்ந்த ஒரு கிளையை ஒடித்து, தின்ற நேரத்தையும் அளவையும் குறித்துக்கொண்டு, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடமோ கொண்டுபோங்கள். போகும் வழியில் ஆமை அட்டைப்பெட்டியில், துணி விரித்து, நேராக, வெயில் படாமல் இருக்கட்டும்.